மஞ்சள் வட்டம், சிவப்புப் புள்ளி

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் எனக்கு முதலில் தட்டுப்பட்டது சந்தன வாசம்தான். பித்தளைக் குழாயின் குளிர்ச்சி புருவத்தில் பட, ஜன்னல் வெயில் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியில் விழுந்து மேலே ஏற, அந்த வாசத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டமும் அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரிந்தன. அதுதான் "செல்" என்றார்கள். உயிருள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை அது என்று புத்தகத்திலும் போட்டிருந்தது. நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் நான் ஒன்பதாவது படித்த பெண்கள் பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும், பீரோ சாவி பெரிய டீச்சரிடம் இருக்கும், பெரிய டீச்சர் எப்போதும் ஆபீஸ் வேலையாக வெளியே போயிருப்பார்கள். ஆகவே செய்முறைப் பாடத்துக்கு ஒரு நாள், இன்ஸ்பெக்ஷன் வந்தால் இரண்டு நாள், ஆயுதபூஜைக்கு ஒரு நாள் என்றுதான் அது வெளிச்சத்தைப் பார்க்கும். பூஜைக்கு "லேப்" அட்டெண்டர் முத்தையா அண்ணன் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து, தராசுக்கும் சோதனைக் குழாய்களுக்கும் நடுவில் மாலையோடு உட்கார வைப்பார். எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இரும்பே கிடையாது. மில்லில் ஸ்பின்னிங் மிஷினுக்கும், வாசலில் சைக்கிளுக்கும், அடுப்படியில் அரிவாள்மனைக்கும் வைக்கிற பொட்டை இதற்கு மட்டும் வைக்காமல் விட்டால்தான் தப்பாகப் பட்டிருக்கும்.

தை மாதத்தில் எங்கள் செய்முறை நாள் வந்தது. சயின்ஸ் டீச்சர் வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஆளுக்குப் பத்து எண்ணும்வரை பார்க்கவிட்டார்கள். "தெரியுதா?" என்பார்கள், "தெரியுது டீச்சர்" என்போம். தெரியவில்லை என்று சொன்னவள் மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும், அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டால் அடுத்த வருஷம்தான். எங்களில் ஒருத்தி மட்டும் துணிந்து, "செங்கல் அடுக்குன மாதிரி இருக்கும்னு படிச்சோமே டீச்சர், ஒரே ஒரு வட்டந்தான தெரியுது?" என்று கேட்டுவிட்டாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். "ஒரு செல்லை மட்டும் பெருசாக் காட்டுது. நல்ல மிஷினு, அதான்" என்று நிமிர்ந்தார்கள்.

பிறகு தீக்குச்சியின் பின்பக்கத்தால் எங்கள் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி வைத்துப் பார்த்தோம். அதே மஞ்சள் வட்டம், அதே சிவப்புப் புள்ளி. இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு ஞானம் வந்தது. "பாத்தியளா, வெங்காயமும் மனுசனும் ஒண்ணுதான். உசுருன்னா அம்புட்டும் செல்லுதான்" என்று டீச்சர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. ரெக்கார்டு நோட்டில் மஞ்சள் பென்சிலால் வட்டம் போட்டு, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, அம்புக்குறி இழுத்து "உட்கரு" என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் "நன்று" என்று போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

அன்று சாயங்காலம் இதை நான் முதலில் போய்ச் சொன்னது என் அக்கா பூமாரியிடம். "வெங்காயமும் நாமளும் ஒண்ணுன்னா, அதை அரியும்போது நாம எதுக்குட்டி அழணும், அதுல்ல அழணும்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வரும் பேண்டேஜ் துணியை வீட்டிலேயே சுருட்டி, நூல் கட்டிக் கொடுக்கிற வேலை பார்த்தாள். கை அதுபாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருக்கும், மடியில் என் அறிவியல் புத்தகம் விரிந்திருக்கும், நான் சுவரைப் பார்த்து நின்று ஒப்பிக்க வேண்டும். சரியாகச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு "டிக்" போடுவாள். ஒரு சொல் பிசகினாலும் போட மாட்டாள், டீச்சரைவிடக் கறார். செல் பாடத்தை முழுக்க அவளிடம் ஒப்பித்துத்தான் நான் தேறினேன். செல்சவ்வு வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கும் என்றால், "நம்ம அம்மா வாசல்ல நிக்கிற மாதிரி" என்பாள். மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குச் சக்தி தரும் என்றால், "அதுதான் அடுப்படி." உட்கரு செல்லின் எல்லா வேலைகளையும் நடத்துகிறது என்றால், "அப்பா. உக்காந்த எடத்துலருந்து அதிகாரம் பண்ணுவாருல்ல."

அந்தப் பாடத்தின் கடைசியில், முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை என்று ஒரு வரி வரும். அதைச் சொன்னதும் அக்கா, "ஐயோ பாவம், அப்பன் இல்லாத வீடு" என்று உச்சுக்கொட்டிவிட்டு டிக் போட்டாள். அரைப்பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக அதுவே வந்தது. எனக்கு இரண்டு மார்க்கும் கிடைத்தது.

தை முடிவதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகத்துக்காரர், போலீஸ் வேலை. அப்பா மில்லில் ஃபிட்டர், அவருக்கு அது தகுதிக்கு மீறிய சம்பந்தம் என்று தெருவே பேசியது. மாசியில் ஒரு நாள் அக்கா பேண்டேஜ் கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒட்டியது. ஈறில் ரத்தம். கறைபட்ட சுருளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அவள் அதைப் பாவாடைக்கு அடியில் ஒளித்ததை நான் பார்த்தேன். பிறகு கரண்டைக்காலில் நீலம் பாய்ந்தது, சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்பா அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார்.

மதுரை டாக்டர் சொன்னதை அப்பா அப்படியே வந்து சொன்னார். "ரத்தத்துல அணு சரியில்லையாம். வாரா வாரம் வந்து ரத்தம் குடுக்கணும், அணு எப்படியிருக்குன்னு பாத்துப் பாத்துத்தான் மருந்தாம். விடாம வந்தா பாக்கலாம்ங்காரு." அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லில் எம்புட்டு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் பஸ் ஏறிப் போய் வந்தார்கள். நான்காவது வாரம் தரகர் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "மதுரைக்கு வாரா வாரம் பொண்ணுக்கு என்ன சோலின்னு சம்பந்தியம்மா கேக்காவ" என்றார். அம்மா முகம் செத்துப்போயிற்று. மூத்தவள் கல்யாணம் நின்றால் இளையவளுக்கும் நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை. அணு சரியில்லை என்றால் எப்படிச் சரியில்லை, போகாமல் இருந்தால்தான் என்ன என்று அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் மாறி மாறிப் பேசினார்கள். நான்தான் நடுவில் போய், "எங்க ஸ்கூல் மிஷின்ல அணு தெரியும், நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். யாரும் கேட்காமல் நானாகத்தான் சொன்னேன்.

பங்குனியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. நான் வகுப்பு லீடர், லேபில் மேஜை துடைக்கிற வேலை என்னுடையது. முதல் நாளே ஒரு கண்ணாடிச் சில்லை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். காலையில் அக்கா தையல் ஊசியால் விரலைக் குத்தி அதில் ஒரு சொட்டு வைத்துத் தந்தாள். சொட்டு வைத்த பிறகும் விரல் நிற்கவில்லை. ஒரு சுருள் பேண்டேஜ் முழுவதும் சுற்றிய பிறகுதான் நின்றது. அணு சரியில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை, அது எங்கள் எல்லார் கண் முன்னாலும்தான் நடந்தது. நாங்களோ மிஷின் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

"சட்டுனு பாத்துட்டு வச்சிரு தாயி, பெரிய டீச்சர் வந்தா என் சோத்துல மண்ணு" என்று முத்தையா அண்ணன் கதவருகே நின்றுகொண்டார். நான் அக்காவின் ரத்தத்தைப் பார்த்தேன். மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்புப் புள்ளி. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் விஞ்ஞானம் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் என் விரலையும் குத்தி இன்னொரு சில்லில் வைத்துப் பார்த்தேன். அதே வட்டம், அதே புள்ளி. மறுபடி அக்காவுடையது, மறுபடி என்னுடையது. ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன், அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றுக்கு அடியில் "நான்" என்றும் மற்றதற்கு அடியில் "அக்கா" என்றும் எழுதினேன். கண்ணாடிச் சில்லெல்லாம் எண்ணி வைத்தது. ஆகவே இரண்டையும் குழாயடியில் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், "நடுவுல புள்ளி இருந்துச்சாட்டி?" என்று கேட்டாள்.

"இருந்துச்சுக்கா. செவப்பா, நல்லாத் தெரிஞ்சுது."

அவள் கை நின்றது. செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"சரி. அப்ப போயி அம்மாட்ட சொல்லு" என்று மறுபடி சுருட்ட ஆரம்பித்தாள்.

மில்லில் எந்தத் தகராறு வந்தாலும், "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பஞ்சாயத்துப் பண்ணுகிறவர் என் அப்பா. அன்றைக்கு அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. "படிக்கிற புள்ள, கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுது. பொறவு என்ன?" என்றார். "கல்யாணம் முடியட்டும், பொறவு போய்க்கிடலாம்" என்று அம்மா விளக்கேற்றப் போனாள். மதுரைப் பயணம் அத்தோடு நின்றது.

வைகாசியில் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி சந்நிதியில் தாலி கட்டினார்கள். வைத்தியன் என்ற பெயருள்ள சாமி, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் முகத்து வெளுப்பை, "பொண்ணு நல்ல செவப்பு" என்று சம்பந்தியம்மா ஊராரிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். புகுந்த வீட்டுக்குப் போகும்போது அக்கா தன் டிரங்குப் பெட்டியில் என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அரைவிலைக்கு விற்க ஆள் பேசி வைத்திருந்தேன் என்று நான் சண்டை போட்டேன். "அங்க போயி நான் எதைட்டி படிக்க?" என்றாள்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துவரும் வழக்கப்படி அப்பா போய்க் கூட்டிவந்தார். பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்து அம்மா, "மசக்கையா இருக்கும்" என்று ஆசையாகச் சொன்னாள். மசக்கை இல்லை. ஈறு வீங்கி வாய் மூட முடியவில்லை, மூக்கில் வடிந்த ரத்தம் நிற்கவில்லை. ஆடிப்பூரத் தேர் அன்று, மாப்பிள்ளை தேரோட்ட பந்தோபஸ்தில் நின்றிருந்த நேரத்தில், நாங்கள் அவளை வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அதே டாக்டர். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "நாலு மாசமா ஏன் வரல?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சின்னவ பள்ளிக்கூடத்து மிஷின்ல ரத்தத்தை வச்சுப் பாத்தா சார். அணு நல்லாருக்குன்னு சொன்னா. அதான்" என்று என்னைக் கைகாட்டினார். குற்றம் சாட்டிக் காட்டவில்லை. என் பிள்ளை படித்தவள் என்கிற பெருமை அந்த நிலையிலும் அவர் கையில் கொஞ்சம் இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். மறுபடி பேனாவை எடுத்து எழுதினார்.

ஆவணி முதல் வாரத்தில் அக்கா போய்விட்டாள். மாப்பிள்ளை யூனிஃபார்மோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே மாமா" என்றார். அவ்வளவுதான் அவர் எங்களிடம் கடைசியாகப் பேசியது. உள்ளேயிருந்து அம்மா, "நல்லாத்தான் குடுத்தோம்! எம் புள்ள கண்ணால பாத்துச்சு, அணு அம்புட்டும் நல்லாருந்துச்சு! உங்க வீட்டுக்கு வந்துதான் கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பார்க்கும்போது நன்றாக இருந்தது, அங்கே போய்த்தான் கெட்டது என்று அந்த மனிதரை ஒன்றரை மாதம் மனதார வெறுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஆயுதபூஜை வந்தது. நான் பத்தாவது. லேபில் தோரணம் கட்ட என்னை அனுப்பியிருந்தார்கள். முத்தையா அண்ணன் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துத் துடைத்தார். கண் வைக்கிற மேல் குழலை உருவி எடுத்து, தலைகீழாக மேஜையில் நிறுத்தினார். அதன் அடிப்பக்கத்து லென்ஸ் கண்ணாடி மேலே பார்த்தபடி நின்றது. சுண்டுவிரலால் சந்தனத்தைத் தொட்டு அந்தக் கண்ணாடியில் மெல்லியதாக ஒரு வட்டம் வைத்தார். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குக் குங்குமம் வைத்தார்.

"அங்க எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"இதுதானம்மா மிஷினுக்குக் கண்ணு. கண்ணுக்குப் பொட்டு வைக்காம எப்படி? மேல வச்சா புள்ளைக கண்ணுல அப்பிருமேன்னு அடியில வைக்கேன். பன்னெண்டு வருசமா இப்படித்தான்."

எங்கள் கண்ணில் சந்தனம் அப்பிவிடக் கூடாது என்று அக்கறைப்பட்ட மனிதர். அவரை நான் என்ன சொல்ல? தோரணத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பி வந்த அக்காவின் பெட்டியை அதுவரை யாரும் திறக்கவில்லை. நான் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் என் புத்தகம் இருந்தது. செல் பாடத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. இரண்டு மார்க் வாங்கிய வரி. அதைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவள்தான் ரத்தத்தின் நடுவில் சிவப்பாக உட்கருவைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் அழுதுகொண்டு ஓடிவந்தேன். வரிக்குப் பக்கத்தில் அக்காவின் டிக் இருந்தது. மற்ற டிக்குகளைவிட அது அழுத்தமாக, இரண்டு தடவை போட்டது போல இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

நடுவுல புள்ளி இருந்துச்சாட்டி என்று அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பன் இல்லாத வீடு என்று உச்சுக்கொட்டியவள், ஒரு சொல் பிசகினால் டிக் போடாதவள், அன்றைக்குக் கையை நிறுத்திவிட்டு என் முகத்தில் எதைப் பார்த்தாள்? தெரிந்துகொண்டுதான் அம்மாவிடம் போய்ச் சொல் என்றாளா? கல்யாணம் நிற்க வேண்டாம் என்றா, என் கல்யாணமும் நிற்க வேண்டாம் என்றா, அல்லது அவளும் என்னைப் போல் மறந்துபோனாளா?

பத்தாம் வகுப்புச் செய்முறை நாளுக்கு முன்னால் நான் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொட்டு வைத்த கண்ணாடியைத் தாவணி முனையால் துடைத்துவிட்டேன். அந்த வருஷம் வெங்காயத்தோல் செங்கல் செங்கலாகத் தெரிந்தது, ஒவ்வொரு செங்கலிலும் உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. "இந்த வருசம் வெங்காயம் நல்ல வெங்காயம்" என்றார்கள் டீச்சர். நான் பத்து எண்ணுவதற்குள் நகர்ந்துவிட்டேன்.

இதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. அப்பா தெரியாமலே போனார். அம்மா சாகிறவரை மடவார் வளாகத்துப் பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு மனிதர் மீதான பழியாவது நீங்கியிருக்கும். சொல்லத் தைரியம் வரவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை. பின்னாளில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா, அந்தக் காலத்து வைத்தியத்தில் விடாமல் போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

அந்த லேப் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். மைக்ராஸ்கோப் எங்கே போனதென்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அக்காவின் பெட்டியை அம்மா வருஷத் திதியன்று உள்ளிருந்ததோடு யாருக்கோ தானமாகக் கொடுத்துவிட்டாள், நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அந்த டிக்கும் அதோடு போய்விட்டது. என் ரெக்கார்டு நோட்டு மட்டும் எப்படியோ தப்பி இன்னும் பீரோவில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் வட்டம், இரண்டு சிவப்புப் புள்ளி, அடியில் நான், அக்கா. இரண்டும் ஆயுதபூஜைச் சந்தனம்தான். அவளுடைய ரத்தத்தை நான் பார்க்காமலே பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கழுவி ஊற்றிவிட்டேன்.